ஆபரேஷனுக்குப் பிறகு பத்தியமும் பயமும்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரை நர்ஸ்:
பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் வேலை. மூக்கைச் சரிசெய்ய வருபவர்களுக்குத் தேதி கொடுத்தால் முதலில் காலண்டரைத்தான் புரட்டுவார்கள். அஷ்டமி, நவமி வேண்டாம். சந்திராஷ்டமம் வேண்டவே வேண்டாம். முடிந்தவரை மாற்றிக் கொடுத்துவிடுவோம்.

சிக்கல் சாப்பாட்டில்தான். கருவாடு, கத்தரிக்காய், மீன், முட்டை எல்லாமே "புண்ணுக்கு ஆகாது, சீழ் வைக்கும்" என்று மூன்று வேளையும் ரசம் சாதம். காயம் ஆறப் புரதம் வேண்டாமா? கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் பாட்டியிடம் பேரம் பேசினேன். கருவாடும் கத்தரிக்காயும் உங்கள் இஷ்டம், பருப்புக்கும் முட்டைக்கும் மட்டும் வழிவிடுங்கள் என்றேன். "பாசிப்பருப்பு குளிர்ச்சி, தரலாம். முட்டை சூடு. வேணும்னா வெள்ளைக்கரு மட்டும்" என்று இறங்கி வந்தார். அதுவே போதும்.

பெண்ணின் கவலை வேறு. மூன்றாம் நாள் கண்ணைச் சுற்றி நீலம் பாரித்து, கன்னம் உப்பி, மூக்கின் மேல் கட்டு. செல்போனில் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமி கொடுத்த மூக்கை மாத்தினதுக்குத் தண்டனையா சிஸ்டர்?" என்று அழுதாள். வீக்கம் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை, தூக்கமும் இருக்காது. நிறையப் பேர் அப்போதுதான் உடைந்துபோவார்கள். கட்டை ஒரு வாரத்தில் பிரித்தாலும் மூக்கு நுனி வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். முன்பே சொல்லித்தான் இருந்தோம். அப்போது யார் காதில் விழுகிறது?

பாட்டி உப்பு மிளகாய் சுற்றினார். வார்டில் நெருப்பில் போட முடியாதே, பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். திருநீறு மட்டும் காயத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். தூக்க மாத்திரை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டாக்டர் எழுதவில்லை.

புதுமொட்டை, ஈரோடு:
நான் வழுக்கையில் முடி நட்டுக்கொண்டவன். மழித்த தலையைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் "பழனியா, திருப்பதியா?" என்றார்கள். பழனி என்று சொல்லித் தொலைத்தேன். பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள்! கடைவீதியில் டப்பா வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் நட்ட முடியெல்லாம் தலையணையில் உதிர ஆரம்பித்தது. "முருகன் பேர்ல பொய் சொன்னியே" என்றார் அம்மா. படித்தவன்தான், ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. முடிதான் உதிரும், வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும் என்றார் டாக்டர். முளைத்தது. குடும்பத்தோடு பழனிக்குப் போய் வந்தோம். முடிக்காணிக்கை மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை.

சேலத்துக்காரன்:
எனக்கு மார்புச் சதை குறைக்கும் ஆபரேஷன். வெளியில் சொல்ல வெட்கம். சித்திரை வெயிலில் சட்டைக்குள் இறுக்கமான பனியனோடு வாரக்கணக்கில் வெந்தேன். சொந்தக்காரர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தோம். அத்தை இன்னும் என்னைத் தண்ணீர்க்குடம் தூக்க விடுவதில்லை.