எண்பது வயதைத் தாண்டியும் தேர்தலில் சீட்டு கேட்கிறார்கள், இதற்கு ஒரு வரம்பு வைக்க முடியாதா?

குடியாத்தம் லுங்கி:

வீட்டில் தினம் இதே சண்டை, அதனால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். நைனா அரசுப் பள்ளி வாத்தியார். 58 முடிந்த அன்றே மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மாநில அரசு ஊழியருக்கு 60, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்றத்தில் 65. இவர்களுக்கெல்லாம் சட்டம் போடுகிறவருக்கு மட்டும் மேல்வரம்பே கிடையாது. 25 ஆகாமல் எம்.எல்.ஏ. ஆக முடியாது என்று எழுதி வைத்தவர்கள், இத்தனை வயதுக்கு மேல் முடியாது என்று ஏன் எழுதவில்லை?

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்கிறார். கலைஞர் 2016இல் 92 வயதை நெருங்கும்போது திருவாரூரில் நின்று 68 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததை எடுத்துப் போடுகிறார். நான் அமெரிக்க அதிபராக இருந்த பைடனைச் சொன்னேன். 2024 ஜூனில் டிவி விவாதத்தில் 81 வயதில் அவர் தடுமாறியதை ஊரே பார்த்தது, ஒரு மாதத்துக்குள் போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. "விலகி என்ன ஆச்சு, அடுத்து வந்த டிரம்புக்கும் 78 தானே" என்று நைனா சிரிக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் பக்கமே இந்தப் பேச்சு ஓடியதுதானே. 2024 ஆகஸ்டில் ஒரு புத்தக விழாவில் பழைய மாணவர்கள் கிளாஸை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள் என்கிற மாதிரி ரஜினி திமுக மூத்தவர்களைக் கிண்டலடிக்க, துரைமுருகன் வயதான நடிகர்களைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க, அப்புறம் நாங்கள் நண்பர்கள்தான் என்று இரண்டு பேருமே முடித்துக்கொண்டார்கள். கட்சிச் சண்டை வேண்டாம், எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்:

சட்டமாக வராது, அதை மறந்துவிடுங்கள். அரசியல் சாசனத்தின் 84, 173ஆவது பிரிவுகளைத் திருத்த வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும். தூக்க வேண்டிய கைகள் யாருடையவை என்று யோசியுங்கள்.

கட்சிகள் தாங்களே வைத்துக்கொண்ட கணக்கு உண்டு. பாஜகவில் 75 என்று ஒரு பேச்சு. எழுத்தில் எங்கேயும் இல்லை, ஆனாலும் 2019இல் அத்வானிக்கும் முரளி மனோகர் ஜோஷிக்கும் சீட்டு இல்லை. குஜராத் முதல்வராக இருந்த ஆனந்திபென் 2016இல் எனக்கு 75 ஆகப்போகிறது என்று சொல்லியே ராஜினாமா செய்தார், அப்புறம் கவர்னரானார், அது வேறு கதை. 2025 செப்டம்பரில் மோடிக்கு 75 ஆனது. அதற்கு முந்தின மாதமே ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், 75இல் ஓய்வு பெறணும் என்று நான் எப்போதும் சொன்னதில்லையே என்றுவிட்டார்.

மார்க்சிஸ்டுகளாவது முறையாக எழுதி வைத்திருக்கிறார்கள், மத்தியக் குழுவுக்கு 75. 2025 ஏப்ரலில் நம்ம மதுரையில் நடந்த மாநாட்டில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார் மூன்று பேரும் அந்த விதிப்படி கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவை விட்டு இறங்கினார்கள். பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அப்போது அவர் கேரள முதல்வர். எந்த நாற்காலியைப் பற்றி நாம் பேசுகிறோமோ அந்த நாற்காலி வந்ததும் விதி ஒதுங்கிக்கொள்கிறது.

வாலாஜா பெரியவர்:

எனக்கு 77, அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன் தம்பி. குடியாத்தம் என்று பெயர் வைத்திருக்கிறாயே, 1954இல் முதல்வரான காமராஜர் சட்டசபைக்குள் போக எந்த ஊரில் நின்றார் தெரியுமா? உன் ஊரில்தான். திமுக எதிர்த்து ஆள் நிறுத்தாமல் ஆதரவு கொடுத்தது. அதே காமராஜர் 1963 அக்டோபர் 2ஆம் தேதி, யாரும் போ என்று சொல்லாதபோதே முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்தார். அப்போது அவருக்கு 60 தான். உடனே எல்லோரும் பார்த்தீர்களா தியாகம் என்பீர்கள். பதவியைத்தான் விட்டார், அரசியலை விடவில்லை. அடுத்த வருஷமே அகில இந்தியத் தலைவர், சாஸ்திரியும் இந்திராவும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. 1967இல் விருதுநகரில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார், அப்புறம் நாகர்கோவிலில் நின்று ஜெயித்து டெல்லி போனார். அவரை அன்றைக்கே வீட்டில் உட்கார் என்று சொல்லியிருப்பீர்களா? அதே 1967இல் காங்கிரசைக் கவிழ்க்கக் கூட்டணி சேர்த்த ராஜாஜிக்கு 88.

இன்னொன்று. பாலாறு விஷயத்தை எடுத்துக்கொள். 1892இல் மைசூரும் மெட்ராஸும் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. ஆந்திரா கணேசபுரத்தில் அணை கட்டுகிறது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் போனோம். கலெக்டர் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறார், பொதுப்பணித்துறை இன்ஜினியரும் போகிறார். எந்த வருஷம் யார் என்ன கடிதம் எழுதினார், எந்தக் கூட்டத்தில் நம்மாள் வாயை விட்டான் என்று நினைவில் வைத்திருப்பது கிழட்டு அரசியல்வாதிதான். 35 வயதுப் பையனை அனுப்பினால் எதிர்ப்பக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவான்.

குடியாத்தம் லுங்கி:

பெரியவரே, கோபம் வேண்டாம், உங்களை யாரும் வாலாஜாவை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலாற்றிலேயே கேட்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அத்தனை அனுபவசாலிகளும் அப்போதிலிருந்து பதவியில் மாறி மாறி இருந்தார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே கழிவுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 29 வருஷ ஞாபகம் என்னத்துக்கு ஆயிற்று? அப்புறம், கடிதம் யார் எழுதினார் என்பது ஃபைலில் இருக்க வேண்டிய சங்கதி. ஒருத்தர் தலைக்குள் இருந்தால் அவர் போகும்போது அதுவும் போய்விடும்.

பாகாயம் நைட் டூட்டி:

நான் நர்ஸ், முதியோர் வார்டில் இருந்திருக்கிறேன். வயது என்ற எண்ணை வைத்து நாங்கள் யாரையும் எடை போடுவதில்லை. 90 வயது ஆத்தா ஒருத்தர் தன் மாத்திரை எல்லாவற்றையும் நிறத்தோடும் நேரத்தோடும் ஒப்பிப்பார், 66 வயதுக்காரருக்குக் காலை டிபன் சாப்பிட்டோமா என்பதே நினைவில் இருக்காது. டாக்டர் நோயாளியைப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்பார். பக்கத்தில் நிற்கும் மகன் உடனே "இட்லி சார்" என்பார். டாக்டர் மகனைப் பார்க்காமலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்பார். அந்த நோயாளி அடுத்த அரை நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிறையப் பேர் திரும்பி மகன் முகத்தைப் பார்ப்பார்கள். மேடையில் சில தலைவர்கள் அப்படித் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் என் பயம் வயதைப் பற்றி இல்லை, மறைப்பதைப் பற்றி. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2016இல் ஜெயலலிதா 75 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், உள்ளே என்ன நடக்கிறது என்று மக்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்குமே அப்போது 70 ஆகவில்லை! உங்கள் வயது வரம்பு அவர்களைத் தொட்டே இருக்காது. பஸ் டிரைவருக்குக் கண் டெஸ்ட் கேட்கிறோம். முதல்வருக்கும் அமைச்சருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் ரிப்போர்ட், அதுவும் அவர்கள் சொந்த டாக்டர் இல்லாமல் ஒரு குழு கொடுப்பது, இதைக் கேட்டால் என்ன?

காட்பாடி ஜங்ஷன்:

நல்ல யோசனை சிஸ்டர், ஆனால் அந்தக் குழுவை நியமிப்பது யார் என்று கேட்டால் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அமெரிக்காவில் செனட்டர் மெக்கானல் 2023இல் நிருபர்கள் முன்னால் பேசிக்கொண்டே இரண்டு தடவை உறைந்து நின்றார், டாக்டர் சரியாகத்தான் இருக்கிறார் என்று கடிதம் கொடுத்தார்.

கே.வி.குப்பம் கொடிக்கம்பம்:

எல்லோரும் தலைவரைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே இருப்பவன் ஒருத்தனாவது பேசட்டும். எனக்கு 52. இருபது வயதில் சுவர் பிடித்துச் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்ததில் ஆரம்பித்தேன், இன்றைக்கும் மீட்டிங் என்றால் கொடி கட்டும் கும்பலில் நிற்கிறேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாவற்றிலும் என்னை மாதிரி ஆள் இருக்கிறான். இளைஞரணி என்கிறீர்களே, ஸ்டாலின் 2017 வரைக்கும், அதாவது அறுபதைத் தாண்டியும் இளைஞரணிச் செயலாளர்தான். மேலே இடம் காலியானால்தானே கீழே இருப்பவன் நகருவான்.

அதனால் நான் வயது வரம்பை ஆதரிப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கள் அண்ணன் இறங்கினால் என் கதை முடிந்தது. எங்கள் தெருக்காரப் பெண்ணுக்குக் கல்லூரி சீட்டு, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில் பெட், போலீஸ் ஸ்டேஷனில் பைக்கை எடுப்பது, எல்லாவற்றுக்கும் நான் காலை ஆறரைக்கு அவர் வீட்டுக் கேட்டில் நிற்கிறேன். பேப்பர் படித்துக்கொண்டே என் குரலைக் கேட்டு "என்னடா" என்பார், அந்த ஒரு வார்த்தைதான் முப்பது வருஷத்தில் நான் சேர்த்த சொத்து. அவர் மகன் வந்தால் அவரோடு படித்தவர்கள் வருவார்கள், கேட்டில் வேற ஆள் நிற்பான். வெளியில் இருந்து வேற யாராவது வந்தாலோ என் மூஞ்சியே தெரியாது. என்னை மாதிரி ஊருக்குப் பத்துப் பேர். அவரைப் போக விடாமல் பிடித்து வைத்திருப்பது நாங்கள்தான். அவரே ஒரு தடவை போதும்டா என்றார், நாங்கள் பத்து வண்டி கட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

2023 மே மாதம் சரத் பவார் தேசியவாத காங்கிரஸ் தலைவர் பதவியை விடுகிறேன் என்று அறிவித்தாரே, தொண்டர்கள் அழுது புரண்டார்கள், மூன்றாம் நாள் வாபஸ். எல்லோரும் நாடகம் என்றார்கள். மேலே நாடகமோ என்னவோ, அழுதவன் உண்மையாகத்தான் அழுதான்.

வாலாஜா பெரியவர்:

இந்தக் கொடிக்கம்பம் சொல்வதுதான் நிஜம். இவ்வளவு நேரம் நானும் அனுபவம், ஞாபகம் என்று பேசினேன், பிடித்து வைப்பது இவர்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டேன். ஆனாலும் மக்கள் நிறுத்த நினைத்தால் நிறுத்துவார்கள். 2021இல் காட்பாடியில், 1971இலேயே அங்கே ஜெயித்த துரைமுருகனுக்கு வித்தியாசம் வெறும் 746 ஓட்டு. பஞ்சாபில் 2022இல் பிரகாஷ் சிங் பாதல் 94 வயதில் நின்று தோற்றே போனார். மலேசியாவில் மகாதீர் 92இல் பிரதமரானார், 97இல் டெபாசிட்டே போனது.

குடியாத்தம் லுங்கி:

கொடிக்கம்பம் அண்ணா, ஒரே ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அண்ணன் நிஜமாகவே இந்த முறை நிற்கவில்லை என்றால் நீங்கள் விருப்ப மனு கொடுப்பீர்களா? 32 வருஷம் உழைத்திருக்கிறீர்கள், தொகுதியில் ஒரு தெரு விடாமல் தெரியும்.

கே.வி.குப்பம் கொடிக்கம்பம்:

தம்பி, போன தடவையே என் கைக்காசு போட்டு விருப்ப மனு கொடுத்தேன். அண்ணன் பெயரில் ஒன்று, அவர் மகன் பெயரில் ஒன்று.