தொண்ணூறு ஆடுகளும் ஒரு மேற்கோளும்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. "இக்கோயில் முதலாம் இராசராச சோழனால் கட்டப்பட்டது" என்பதுதான் முதல் வரி. குருக்கள் அப்படித்தான் சொல்வார். என் தாத்தாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். வாசலில் உபயதாரர் வைத்த பலகையிலும் அதுவே இருக்கிறது. எட்டு மாதம் கழித்து அந்த வரியின் முடிவில் ஒருவர் 'சான்று தேவை' என்று குறியிட்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் வாழ்பவர் என்பதை அவருடைய பயனர் பக்கத்தில் பார்த்தேன்.

குறியை நீக்கினேன். மறுநாள் அது திரும்ப வந்தது. "ஊருக்கே தெரிந்த செய்திக்குச் சான்று எதற்கு?" என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதி மறுபடியும் நீக்கினேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவரை, அதாவது பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்குபவரைத் தடை செய்யலாம் என்ற விதி இருப்பது, இப்படிப்பட்ட இழுபறிகள் அங்கும் எவ்வளவு வழக்கமானவை என்பதைக் காட்டும். ஆனால் அவர் என்னோடு இழுக்கவில்லை. கட்டுரையைப் பற்றி உரையாடும் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, "ஐயா, உங்கள் சொல்லை நான் ஐயுறவில்லை. உங்களை அறியாத ஒருவர் இதை எங்கே போய்ச் சரிபார்ப்பார் என்பதே என் கேள்வி" என்று எழுதினார். எழுதியதை யாரும் சரிபார்க்க முடிய வேண்டும் என்னும் 'மெய்யறிதன்மை' கொள்கைப் பக்கத்தை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன்; அது எனக்கு விளங்கியது அந்த இரண்டு வரிகளில்தான்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய், கருவறையின் தென்புறச் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் கிடந்த எழுத்துகளை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். உச்சி வெயிலில் வெறுங்கல்லாகத் தெரிந்தது, பொழுது சாய்ந்து ஒளி பக்கவாட்டில் விழுந்தபோது வரிவரியாக எழும்பி நின்றது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்பதுவரை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. அது மதுரையை வென்ற சோழன் முதலாம் பராந்தகனுக்கு உரிய பட்டம். அவன் ஆண்டது 907 முதல் 955 வரை. இராசராசன் அரியணை ஏறியதோ 985-இல். அப்படியானால் நான் எழுதியதைவிட எங்கள் கோயில் பழமையானது! படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் ஏற்றிவிட்டுக் கட்டுரையைத் திருத்தினேன்.

அதையும் அவர் ஏற்கவில்லை. கல்லை நானே படித்து நானே முடிவு சொல்வது சொந்த ஆய்வு என்றும், அச்சில் வந்த வாசிப்பு ஒன்று வேண்டும் என்றும் எழுதினார். எனக்குக் கடும் கோபம் வந்தது. கண்ணால் கண்டதைவிட யாரோ அச்சிட்டது உயர்ந்ததா என்று கேட்டேன். அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். அச்சேறாத ஊர்களும் தொழில்களும் விளையாட்டுகளும் நம்மிடம் ஏராளம். இதே குறையை எதிர்கொள்ளத்தான் 2011-இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழிகளின் விக்கிப்பீடியர்கள் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அதையே மேற்கோளாகக் காட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் என் கல்வெட்டு வழக்கில் அவர் சொன்ன காரணம் வலுவானது. திருப்பணியின்போது வேறு கோயிலின் கல்லைக் கொண்டுவந்து பதித்திருக்கலாம். தேய்ந்த ஓர் எழுத்தை நான் பிழையாகப் படித்திருக்கலாம். இதையெல்லாம் சரிபார்க்கும் பயிற்சி எனக்கு இல்லை.

கல்லூரி நூலகம் ஒன்றில் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளை மூன்று நாள் புரட்டிய பிறகு எங்கள் ஊர்ப் பெயர் அகப்பட்டது. மூன்றே வரிக் குறிப்பு: பராந்தகன் காலம், அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்கு, அதற்கு நெய் தரத் தொண்ணூறு ஆடுகள். மேற்கோளை இணைத்த அன்றே அவர் 'சான்று தேவை' குறியைத் தம் கையால் நீக்கினார். அதோடு நிற்காமல், கல்வெட்டுகளில் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடருக்குத் தனிக் கட்டுரையும் தொடங்கினார். ஆடுகள் சாகும், மூப்படையும். ஆனால் பொறுப்பேற்றவர் எண்ணிக்கையைக் குறையவிடாமல் வைத்திருப்பதால் கொடையாகத் தந்த மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லை.

நடையைப் பற்றியும் நாங்கள் மோதியிருக்கிறோம். நான் 'ஆக்சிஜன்' என்று எழுதினால் அவர் 'ஒட்சிசன்' என்பார். கிரந்த எழுத்தை விலக்கும் மூன்றாமவர் வந்து 'ஆக்சிசன்' என்று மாற்றுவார். வடசொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லும் தொல்காப்பிய விதியை ஒருவர் காட்டினால், இன்னொருவர் தமிழ்நாட்டுப் பாடநூலைக் காட்டுவார். இந்தச் சண்டையில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: இலங்கையில் படித்த பிள்ளைக்கு 'ஒட்சிசன்' பள்ளியில் கற்ற சொல், அதைப் பிழை என்று திருத்த எனக்கு உரிமை இல்லை. ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றைத் தேடுவோரும் அங்கேயே வந்துசேர வழிமாற்று அமைத்து, முதல் பத்தியில் எல்லா வடிவங்களையும் தருவதென்று முடித்தோம்.

சென்ற மாதம் ஒரு புதுப்பயனர், கோயில் கட்டுரையின் முதல் வரியை மீண்டும் இராசராசனுக்கு மாற்றி, ஒரு நாளிதழின் இணைப்பைச் சான்றாகக் கொடுத்திருந்தார். திறந்து பார்த்தேன். சான்றில்லாமல் எட்டு மாதம் நின்ற என்னுடைய பழைய வரி, ஓர் எழுத்தும் மாறாமல் அதில் அச்சாகியிருந்தது. நான் அவருடைய தொகுப்பை மீளமைக்கவில்லை. என் வரி கட்டுரையில் ஏறிய நாளையும் நாளிதழின் நாளையும் மாற்றங்கள் எல்லாம் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தின் இணைப்போடு பேச்சுப் பக்கத்தில் வைத்து, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று விளக்கி, ஆண்டறிக்கைப் பக்கத்தின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். "பத்திரிகை பொய் சொல்லுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். நான் அன்று எழுதியது பொய்யன்று, சரிபார்க்காமல் எழுதியது என்று பதில் எழுதியிருக்கிறேன். ரொறன்ரோ நண்பரையும் உரையாடலுக்கு அழைத்திருக்கிறேன்.