வயதானவர்கள் அழுத்தினால் மட்டும் ‘சேமி’ பொத்தான் வேலை செய்ய மறுக்கிறது: உதவி தேவை

கோரிமேடு_நிரலர்

வணக்கம். சேலத்தில் தனியாக ஆண்ட்ராய்டு வேலை செய்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் சிலர், தினசரி மழை அளவையும் பழம் பறித்த கணக்கையும் குறித்து வைக்க ஒரு செயலி கேட்டார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். இத்தனை வருடமாக நோட்டில் எழுதி வந்தவர்கள், கணக்கில் புலிகள்.

என் கையில் செயலி ஒழுங்காக ஓடுகிறது. அவர்கள் கையில் கொடுத்தால்தான் வம்பு. ‘சேமி’யை அழுத்தினால் சில நேரம் ஒன்றும் நடப்பதில்லை, பக்கம் மட்டும் லேசாக நகர்கிறது. பழைய பதிவைப் பார்க்கத் தொட்டால் “நீக்கவா?” என்று கேட்கிறது. ஒரே நாள் மழை இரண்டு மூன்று தடவை ஏறியிருக்கிறது. ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் மறுபடி போன் நம்பரில் இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது.

பொத்தான் 48 டிபி, எழுத்து 18 எஸ்பி வைத்திருக்கிறேன் (டிபி, எஸ்பி இரண்டும் ஆண்ட்ராய்டு திரை அளவின் அலகுகள்; எஸ்பி எழுத்துக்கு). எல்லோராலும் எளிதாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதிக்கும் கூகுளின் அக்சசிபிலிட்டி ஸ்கேனரில் ஓட்டிப் பார்த்தேன், பொத்தான் அளவில் குறை எதுவும் காட்டவில்லை. கிராஷ் பதிவும் இல்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் “எனக்குத்தான் சரியா வரலைங்க தம்பி” என்பதற்கு மேல் விவரம் கிடைப்பதில்லை. பெரிய பெரிய ஐகானோடு தனியாக ஒரு ‘சீனியர் மோட்’ செய்துவிடலாமா?

ஐந்துரோடு_பையன்

செய்துவிடுங்கள். எங்கள் தாத்தாவுக்கு நாலே நாலு ஐகான் வைத்த லாஞ்சர் (முகப்புத் திரைச் செயலி) போட்டுக் கொடுத்தேன், நிம்மதியாக இருக்கிறார். அப்புறம் சிக்னலையும் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஏற ஆரம்பித்தாலே எனக்கு நெட் போய்விடும்.

சோதனைக்காரி

அவசரப்பட்டு ஐகானில் கை வைக்காதீர்கள். விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: “பக்கம் லேசாக நகர்கிறது.” அந்தப் பொத்தான் ஸ்க்ரோல் ஆகும் (மேலும் கீழும் உருட்டும்) படிவத்துக்குள்தானே இருக்கிறது?

வயதானவர்கள் பலர் திரையைத் தட்டுவதில்லை, அழுத்துகிறார்கள். விரலை வைத்து, பார்த்து, அழுத்தி, அப்புறம்தான் எடுக்கிறார்கள். அதற்குள் விரல் நுனி கொஞ்சம் உருளும். ஆண்ட்ராய்டில் விரல் சுமார் 8 டிபி தாண்டி நகர்ந்தாலே ஸ்க்ரோல் வியூ (உருளும் அந்தப் பகுதி) “இது தொடுதல் இல்லை, உருட்டல்” என்று முடிவு கட்டி, பொத்தானுக்குப் போக வேண்டிய கிளிக்கை ரத்து செய்துவிடும். 8 டிபி என்பது சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். நடுங்கும் விரலுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? பொத்தானை 60 டிபி ஆக்கினாலும் இது தீராது. ஸ்க்ரோலுக்கு வெளியே எடுத்து, திரையின் அடியில் முழு அகலத்துக்கு நிலையாக வையுங்கள். அங்கே விரல் கொஞ்சம் உருண்டாலும், பொத்தானின் எல்லைக்குள் இருக்கும் வரை எடுத்ததும் கிளிக் ஆகிவிடும்.

“நீக்கவா?” கதையும் இதே குடும்பம்தான். பட்டியலில் லாங் பிரஸ்ஸுக்கு (விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பதற்கு) நீக்கும் வேலையைக் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விரல் அரை நொடிக்குப் பக்கத்தில் நின்றாலே அது லாங் பிரஸ்தான். போனின் அணுகல்தன்மை அமைப்பில் இந்த நேரத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவர் போனிலும் நாம் போய் மாற்ற முடியுமா? லாங் பிரஸ்ஸையே தூக்கிவிடுங்கள். லாங் பிரஸ்ஸைக் கவனிக்கும் நிரல் துண்டு (லிசனர்) இல்லாவிட்டால், எவ்வளவு நேரம் அழுத்தி எடுத்தாலும் அது சாதாரண கிளிக்தான்.

ஸ்கேனரைக் குறை சொல்ல வேண்டாம். அது பொத்தானின் அளவையும் நிற வேறுபாட்டையும் பார்க்கும், விரலைப் பார்க்காது.

கோரிமேடு_நிரலர்

இரண்டுமே நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஸ்க்ரோலுக்குள் பொத்தான், லாங் பிரஸ்ஸில் நீக்கம். ஆனால் ஒருவருக்கு மட்டும் எங்கே தொட்டாலும் சில நேரம் எதுவும் எடுப்பதில்லை. ஸ்க்ரோலே இல்லாத முகப்புத் திரையிலும் அப்படித்தான்.

சோதனைக்காரி

அவர் போனை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கீழே விழுந்துவிடுமோ என்று இடது கையால் இறுக்கிப் பிடித்து, கட்டைவிரல் ஓரமாகத் திரைமேலேயே இருக்கும். வலது விரல் தொடும்போது அது இரண்டாவது தொடுதல் ஆகிவிடுவதால் பொத்தானுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

போன் அமைப்பில் நிரலர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷனில் தொடுதல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள் (போனைப் பற்றிய விவரங்களில் இருக்கும் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் அந்தப் பட்டியல் திறக்கும்). விரல் பட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். அவரிடம் சொல்லிவிட்டுத் திரையைப் பதிவு செய்யுங்கள். இரண்டு புள்ளி தெரிந்தால் இதுதான். தடித்த ரப்பர் கவர் போட்டால் பிடி மாறும்.

முக்கியமானது, அவர் தடுமாறும்போது “ஐயா, இதைத் தொடுங்க” என்று நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சிரமம்தான், நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்காருவேன்.

கண்ணாடிக்கடை_அக்கா

கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், செயலி எழுதத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உள்ளீட்டுப் பெட்டிக்குள் இளஞ்சாம்பல் நிறத்தில் குறிப்பு எழுதியிருக்கிறீர்களா? கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு எழுத்தின் அளவைவிட எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடுதான் முதலில் அடிபடும். வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதால் நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். “நீலம் என்றால் அனுப்பியாச்சு, பச்சை என்றால் சரிபார்த்தாச்சு” என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இதில் தோட்டத்து வெயில் வேறு.

சோதனைக்காரி

அக்கா சொல்வதற்கு எண்ணும் உண்டு. டபிள்யூ.சி.ஏ.ஜி. (இணைய அணுகல்தன்மை வழிகாட்டி) விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1.

போனில் எழுத்தைப் பெரிதாக்கியும் ஓட்டிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-இல் 200 சதவீதம் வரை போகலாம். பொத்தானின் உயரத்தை நிலையாகக் கட்டியிருந்தால் தமிழில் முதலில் வெட்டுப்படுவது மேலே இருக்கும் புள்ளியும் ‘கி’, ‘கீ’யில் மேலே வரும் வளைவும்தான். உயரத்துக்குக் குறைந்தபட்ச அளவு மட்டும் கொடுங்கள், மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும்.

மிளகுக்கொடி

தம்பி, நான் நாகலூர் பக்கம். வயது 71. உங்கள் செயலியை நான் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் எனக்கு நடக்கிறது.

பனிக்காலத்தில் விரல் நுனி வறண்டு வெடித்துப் போகும். தொட்டால் போன் எடுக்காது. எடுக்கவில்லை என்றால் என்ன செய்வோம், இன்னும் அழுத்துவோம். பதிவானது என்று ஒரு வரி வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. சரி, பதிவாகவில்லை போல என்று இன்னொரு தடவை போடுவேன். இதுதான் இரண்டு மூன்று தடவை ஏறுவது.

அப்புறம் மழையை எதில் கேட்கிறீர்கள்? மில்லிமீட்டர் என்றால் பழைய ஆட்கள் திணறுவார்கள். எங்களுக்கு இஞ்சும் சென்டும்தான். ஒரு இஞ்சு நூறு சென்ட். மார்ச், ஏப்ரலில் பூ மழை அறுபது சென்ட் பெய்தது என்றால் உடனே மனதில் படும். 15.24 என்று புள்ளி வைத்து அடி என்றால் அந்தப் புள்ளி கீபோர்டில் எங்கே என்று தேடவே நேரம் போகும்.

தனியாக சீனியர் மோட் எல்லாம் வேண்டாம் தம்பி. எங்களுக்கு மட்டும் தனிப் பந்தி எதற்கு? எல்லோருக்கும் போடுகிற இலையையே ஒழுங்காகப் போடுங்கள்.

கோரிமேடு_நிரலர்

ஐயா, மில்லிமீட்டர்தான் கேட்டிருந்தேன். இனி சென்டில் வாங்கிக்கொண்டு உள்ளே நானே மாற்றிக்கொள்கிறேன் (60 சென்டை 25.4-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் ஆயிற்று). புள்ளியே தேவைப்படாது. சீனியர் மோட் யோசனையை விட்டுவிட்டேன்.

சோதனைக்காரி

ஐயா சொன்ன “ஓடிவிடும் வரி” டோஸ்ட் செய்தி, அதாவது திரையில் தோன்றித் தானாக மறையும் சிறு அறிவிப்பு. அதிகபட்சமே மூன்றரை நொடிதான். அதை எடுத்துவிட்டு, சேமித்த பதிவைத் திரையிலேயே நிற்க விடுங்கள்: “இன்று: 60 சென்ட். போனில் பதிவாகிவிட்டது. சிக்னல் வந்ததும் அனுப்பப்படும்.” ‘சேமி’ இருந்த இடத்தில் ‘திருத்து’ வரட்டும். ஒரு தோட்டத்துக்கு ஒரு தேதியில் ஒரே மழைப் பதிவு என்று தரவுத்தளத்திலும் கட்டிவிட்டால், பத்து தடவை அழுத்தினாலும் ஒன்றுதான்.

ஓடிபி விஷயம்: நினைவகம் குறைந்த போனில் மெசேஜைத் திறந்ததும் உங்கள் செயலியைப் பின்னணியில் மூடிவிடுகிறது. டெவலப்பர் ஆப்ஷனில் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ (விட்டு நகர்ந்த திரைகளை உடனே மூடிவிடு) என்பதை ஆன் செய்தால் உங்கள் போனிலும் அதே மாதிரி நடக்கும். போன் நம்பரையும் எந்தத் திரையில் இருந்தார் என்பதையும் சேவ்டு ஸ்டேட்டில் (திரை மூடினாலும் ஆண்ட்ராய்டு காத்து வைக்கும் இடத்தில்) வையுங்கள். ஓடிபியைச் செயலியே படித்துக்கொள்ள வைக்கும் எஸ்.எம்.எஸ். ரிட்ரீவர் போட்டால் அவர் மெசேஜுக்கே போக வேண்டாம். ஒருமுறை உள்ளே வந்தவரைச் சும்மா சும்மா வெளியே தள்ளவும் வேண்டாம். இது மழைக் கணக்கு, வங்கிக் கணக்கு இல்லை.

கோரிமேடு_நிரலர்

மாற்றி எடுத்துக்கொண்டு மேலே போய்வந்தேன். பொத்தானைக் கீழே நிலையாக வைத்ததும் ‘சேமி’ புகார் நின்றது. இரட்டைப் பதிவும் இல்லை. எங்கே தொட்டாலும் எடுக்காது என்றவருக்கு ரெக்கார்டிங்கில் இரண்டு புள்ளி; இடது கட்டைவிரலேதான். போனை மேஜையில் வைத்துத் தொடச் சொன்னேன், சரியாக வந்தது.

ஒன்று பாக்கி. லாங் பிரஸ்ஸை எடுத்துவிட்டதால், தப்பான பழப் பதிவை எப்படி நீக்குவது என்று கேட்கிறார்கள். இடதுபக்கம் தள்ளினால் நீங்குவது போல வைக்கலாமா?

சோதனைக்காரி

வேண்டாம், விரல் உருண்டால் அதுவும் தானாக நடக்கும். பதிவைத் திறந்தால் உள்ளே, கடைசியில், ‘நீக்கு’ என்று எழுத்திலேயே ஒரு பொத்தான். நீக்கியதும் அந்த வரி அதே இடத்தில் மங்கலாக இல்லாமல் நடுவே கோடு அடித்து நிற்கட்டும், பக்கத்தில் ‘திரும்பக் கொண்டுவா’. மறுநாள் காலை வரை அப்படியே விட்டுவையுங்கள்.

மிளகுக்கொடி

அந்தக் கோடு அடிப்பது சரி. நோட்டில் நாங்களும் அப்படித்தான் அடிப்போம். பிளே ஸ்டோரில் போட்டதும் சொல்லுங்கள் தம்பி, மழைமானி என்னிடமும் ஒன்று இருக்கிறது.