பத்து நிமிடத்தில் தாமிரபரணி

பாளை அப்பா: நேற்று மகள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் தாமிரபரணி பாடம். பொதிகையில் கிளம்பி புன்னைக்காயலில் கடல் சேரும் வரை 128 கிலோமீட்டரையும் மேலே பறந்து பார்த்திருக்கிறார்கள். பத்தே நிமிடம்! நான் படித்தபோது வாத்தியார் ஒரு வாரம் கரும்பலகையில் கோடு இழுத்தார். அது ஆறா, செத்த பாம்பா என்று இன்றுவரை தெரியாது. இன்னும் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் பதில் சொல்லட்டும்.

சாக்பீஸ் சார்: முப்பத்திரண்டு வருடம் அழுதவன் கேட்கிறேன் தம்பி. பத்து நிமிடம் என்பது ஸ்விட்ச் போட்டதிலிருந்தா, படம் ஓடத் தொடங்கியதிலிருந்தா?

பாளை அப்பா: படம்தான் சார். இதில் என்ன இருக்கிறது?

சாக்பீஸ் சார்: எல்லாம் இருக்கிறது. நான் ஓய்வு பெறும் வருடம் எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. பேனாவை இங்கே வைத்தால் கோடு நாலு விரல்கடை தள்ளி விழும். மூலை மூலையாகப் புள்ளியைத் தொட்டுச் சரிபண்ணுவதற்குள் பாதிப் பீரியட் காலி. அப்புறம் கரண்ட் போகும். கரும்பலகை வெளுத்தால் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் அரைத்துப் பூசுவோம், மறுநாள் காக்கை நிறத்தில் நிற்கும். அதற்கு சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வர வேண்டாம்.

அம்பை டீச்சர்: நானும் ஆசிரியைதான். 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியதிலிருந்து புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. மணிமுத்தாறு வந்து சேரும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, ‘அடுத்து எந்த ஆறு?’ என்று கேட்டால் கடைசி வரிசைப் பையனும் எழுந்து நிற்கிறான். நிறுத்தாமல் ஓடவிட்டால் அது சினிமா.

சாக்பீஸ் சார்: நிறுத்தி நிறுத்திப் போட்டால் பத்து நிமிடத்தில் எப்படியம்மா முடியும்?

அம்பை டீச்சர்: பத்து நிமிடம் என்று நான் சொல்லவில்லை சார். பாளைக்காரர்களுக்கு எல்லாமே வேகம்தான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு அல்லவா?

பாளை அப்பா: ஊரை இழுக்காதீர்கள். போன மாதம் பஸ் விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

அம்பை டீச்சர்: அதில் நீங்கள் சொன்ன பஸ் நேரமும் தப்புதான்.

முத்துநகர்வாசி: ஒரு திருத்தம். புன்னைக்காயல் 1986லிருந்து தூத்துக்குடி மாவட்டம். உங்கள் ஆறு எங்களிடம் வந்துதான் முடிகிறது.

பாளை அப்பா: வந்துவிட்டாரய்யா! அண்ணாச்சி, தண்ணீர் எங்கள் பக்கமிருந்துதான் வருகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

முத்துநகர்வாசி: எதைக் கலந்து அனுப்புகிறீர்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சாக்பீஸ் சார்: ஆற்றுச் சண்டையை அப்புறம் போடுங்கள். தம்பி, உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சிற்றாறு எங்கே வந்து சேருகிறது? என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சீவலப்பேரி என்பார்கள். ஈர மணலில் விரலால் ஆறு கீறி, கிளைக்கு ஒருவனாக நிற்கவைத்து நடத்திய பாடம் அது. பத்து நிமிடம் இல்லை, இரண்டு பீரியட்.

பாளை அப்பா: சார், இரண்டு பீரியட் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களே! அதைத்தானே நானும் சொல்கிறேன்!

சாக்பீஸ் சார்: கேட்டீர்களா, இல்லையா?

பாளை அப்பா: தூங்கிவிட்டாள். காலையில் கேட்டுச் சொல்கிறேன்.

சாக்பீஸ் சார்: சரி. ஸ்விட்ச் போட எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.