பதிமூன்று பேர் போனால் எங்கே தங்குவது?

கோயம்புத்தூரிலிருந்து:

சென்ற மே விடுமுறையில் நாங்கள் பதிமூன்று பேர் சிங்கப்பூர் போய் ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தோம். மாமனார், மாமியார், எங்கள் வீட்டில் நாலு பேர், கொழுந்தனார் வீட்டில் நாலு பேர், நாத்தனார் வீட்டில் மூன்று பேர். மாமனாருக்கு 76 வயது. சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. கடைக்குட்டிக்கு மூன்று வயது. டிக்கெட், விசா எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. தங்கும் இடம் தேடத்தான் ஒரு மாதம் ஆயிற்று, அப்படியும் பாதிதான் சரியாக அமைந்தது. டிசம்பரில் மறுபடி கிளம்பப் போகிறோம். அதனால் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

நாலு படுக்கையறை உள்ள ஒரு ஃபிளாட்டை ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சமையலறை இருக்கும், ஹால் இருக்கும், எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். அங்கே இருக்கும் என் தோழிதான் தடுத்தாள். சிங்கப்பூரில் தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். அரசு கட்டிய எச்டிபி வீடு என்றால் ஆறு மாதம். அதற்குக் குறைவாக விடுவது சட்டப்படி குற்றம். சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று தனியாக உண்டு, அதற்கும் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள். எங்களுக்கு ஐந்து இரவுதான். ஆக, ஹோட்டல் ஒன்றுதான் வழி.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் ஐந்து ரூம் போட்டேன். பதிவு செய்யும்போது ‘கனெக்டிங் ரூம் வேண்டும்’ என்று குறிப்பும் எழுதினேன். எழுதியதாலேயே கிடைத்துவிடும் என்று நம்பினேன். போய் இறங்கினால் மூன்றாவது மாடியில் இரண்டு, ஆறாவதில் ஒன்று, எட்டாவதில் இரண்டு. லிஃப்டில் ரூம் கார்டைக் காட்டினால்தான் பட்டன் வேலை செய்யும், அதுவும் அவரவர் மாடிக்கு மட்டும். மூன்றாவது மாடியில் இருக்கும் நான் எட்டாவது மாடியில் இருக்கும் மாமனாரைப் போய்ப் பார்க்க முடியாது. முதல் நாள் இரவு அவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துவிட்டது. மாமியாரிடம் அந்த ஊர் சிம் இல்லை, ரூம் போனில் எந்த எண்ணை அழுத்துவது என்றும் தெரியவில்லை. பக்கத்து ரூம் கதவைத் தட்டி நாத்தனாரை எழுப்பியிருக்கிறார். நல்லவேளை, நாத்தனார் அதே மாடியில் இருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. மறுநாளே வரவேற்பில் பேசி, பெரியவர்கள் ரூமுக்கு இன்னொரு கார்டு வாங்கி என் கணவரிடம் கொடுத்தோம். இதை முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, வந்து சேரும் நேரம். காலை ஏழு மணிக்கு விமானம் இறங்கியது. ரூம் கிடைத்தது மதியம் மூன்று மணிக்கு. இடையில் எட்டு மணி நேரம். லாபியில் மூன்று பேர் உட்காரும் சோபா இரண்டே இரண்டு. இரவெல்லாம் தூங்காத குழந்தைகள் பெட்டிகள்மேல் படுத்துக்கொண்டன. ஐந்து ரூமில் ஒன்றை மட்டும் முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்திருந்தால், ஒரு ரூமின் ஒரு நாள் வாடகையோடு அத்தனை பேரும் குளித்து, பெரியவர்கள் படுத்திருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் தனி. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருப்பது கிட்டத்தட்ட 120 வெள்ளி ஆகும். ஐந்து ரூம், ஐந்து இரவு என்றால் அந்த 20 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது சரியாக அமைந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இரண்டு தடங்கள் சேர்கின்றன. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து செந்தோசா தீவு. டவுன்டவுன் தடத்தில் ஏறினால் நேராக பேஃபிரண்ட், கார்டன்ஸ் பை தி பே தோட்டம். நிலையங்களில் லிஃப்ட் உண்டு, மாமனார் ஒரு படி ஏறவில்லை. காலையில் அவர் மட்டும் மெதுவாக நடந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் காபி குடித்துவிட்டு வருவார். இட்லியும் தயிர்சாதமும் நடக்கும் தூரத்தில். பாதியில் களைத்தவர்கள் திரும்பி வந்து படுக்க, மற்றவர்கள் ஊர் சுற்ற முடிந்தது. அதே வாடகைக்கு ஊருக்கு வெளியே இன்னும் பெரிய ரூம் கிடைத்திருக்கும். எடுக்காதது நல்லதாயிற்று.

குறையாகத் தோன்றியது ஒன்றுதான். பதிமூன்று பேரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் இல்லை. தேக்கா சந்தையில் பார்சல் வாங்கி வந்து, கட்டில்களின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அவரவர் ரூமுக்குப் போய்விடுவோம். பகலில் பார்த்ததை ராத்திரி உட்கார்ந்து பேசும் சுகம் அந்த ஐந்து நாளும் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து:

இங்கேயே இருப்பதால் இரண்டு விஷயம் மட்டும். கனெக்டிங் ரூம் என்பது இரண்டு அறைக்கு நடுவில் உள்கதவு இருப்பது. அட்ஜாயினிங் என்பது வெறும் பக்கத்து அறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவுத் தளத்தில் எழுதுவது வெறும் வேண்டுகோள்தான். ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் போட்டு, உறுதி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்கதவு உள்ள அறைகள் ஒரு மாடிக்குச் சிலவே இருக்கும், சில ஹோட்டல்களில் இருக்கவே இருக்காது.

அப்புறம், வண்டி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலி வழியாக வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. கார் வந்து நின்று, பிள்ளையைப் பார்த்துவிட்டு ஏற்ற மறுத்த கதை என் தங்கை குடும்பத்துக்கே நடந்தது. அதனால்தான் எம்ஆர்டி பக்கத்தில் தங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து:

நாங்கள் கோலாலம்பூரில் காண்டோ வீடு, அதாவது அடுக்குமாடி ஃபிளாட், எடுத்தோம். பன்னிரண்டு பேர். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் பக்கம். விளம்பரத்தில் ‘12 பேர் தங்கலாம்’ என்று இருந்தது, உண்மைதான், பன்னிரண்டு பேருக்கும் படுக்கை இருந்தது. மூன்று அறையில் கட்டில், ஹாலில் சோபா கட்டில், அலமாரியில் நாலு மெத்தை. ஆனால் பாத்ரூம் இரண்டுதான்.

ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் வைத்தால் பன்னிரண்டு பேருக்கு மூன்று மணி நேரம். இரண்டு பாத்ரூம் என்றால் ஒன்றரை மணி. அது கணக்கு. நிஜத்தில் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வெயிலுக்கு முன் பத்துமலை ஏறிவிட வேண்டும் என்று ஆறு மணிக்குக் கிளம்பத் திட்டம் போட்டிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. 272 படி, கொதிக்கிற வெயில். என் அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார், மேலே போக முடியவில்லை. முருகனை அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினார். அதற்காகவே அவ்வளவு தூரம் வந்தவர். எனக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை. இப்போதெல்லாம் வீடு பார்க்கும்போது படுக்கையை எண்ணுவதற்கு முன் பாத்ரூமை எண்ணுகிறேன். நாலைந்து பேருக்கு ஒன்று இருந்தால்தான் பதிவு செய்வேன்.

சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. நாங்கள் தூக்கிக்கொண்டு போன அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகவில்லை, அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பார்த்துக் கொண்டுபோங்கள். நுழைவாயிலுக்கும் லிஃப்டுக்கும் சேர்த்து இரண்டே கார்டுதான் கொடுத்தார்கள்; கடைக்குப் போனவர் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அது வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், ராத்திரி ஹாலில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது இருக்கிறதே, அது எந்த ஹோட்டலிலும் கிடைக்காது.

சேலத்திலிருந்து:

வெளிநாடு போனதில்லை. 2025 தசராவுக்கு மைசூர் போனோம், வேனில் பதினாறு பேர். தசரா நாட்களில் அரண்மனையில் தினமும் விளக்கு ஏற்றுவார்கள், ஏறக்குறைய லட்சம் பல்புகள். அதைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் எடுத்தோம். தெரு குறுகல், வேன் உள்ளே நுழையவில்லை, நிறுத்தவும் இடமில்லை. பெட்டிகளை எல்லாம் அரை கிலோமீட்டர் தலையில் சுமந்தோம். டிரைவர் இரண்டு இரவும் வண்டியிலேயே படுத்தார். குளிக்க இடமில்லை, கொசுக்கடி வேறு. பதினாறு உயிரைச் சுமந்து ஓட்டுகிறவர் சரியாகத் தூங்கவில்லை என்றால் யாருக்கு ஆபத்து? மூன்றாவது நாள் கோகுலம் பக்கம் ஒரு வீட்டுக்கு மாறினோம், வாசலிலேயே வேன் நின்றது, டிரைவருக்குத் தனி அறையும் கொடுத்தார்கள். வேனில் போகிறவர்கள் வண்டி நிறுத்த இடம், டிரைவர் படுக்க இடம் இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனிக் கணக்கு. 8,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஸ்வீட் ரூம் எடுப்பதைவிட 4,000 ரூபாய்க்கு இரண்டு ரூம் எடுத்தால் வரியிலேயே ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம், பாத்ரூமும் இரண்டு.

லண்டனிலிருந்து, சொந்த ஊர் யாழ்ப்பாணம்:

பாரிசில் நடக்கிற பிள்ளையார் கோயில் தேருக்கு நாங்கள் ஒன்பது பேர் போனோம். அம்மம்மாவுக்கு 81 வயது. லா ஷப்பேல் பக்கம் தங்கினால் தமிழ்க்கடைகள் எல்லாம் காலடியில், ரயிலில் வந்து இறங்கும் கார் து நோர் நிலையமும் நடக்கிற தூரம். வீடும் வடிவான வீடு. பெரிய குசினி, கழிப்பறை வேறு, குளியலறை வேறு; காலமையில் அது எவ்வளவு உதவி என்று ஒன்பது பேர் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. விளம்பரத்தில் ‘சான் அசான்ஸர்’ என்று ஒரு வரி இருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. லிஃப்ட் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். வளைந்து வளைந்து போகிற மரப்படி. அம்மம்மாவை மச்சானும் நானும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு அவ, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இங்கேயே இருக்கிறன்" என்று சொல்லிவிட்டா. தேர் அன்று மட்டும்தான் கீழே இறங்கினா. மூன்று நாள் ஜன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பாரமாகிறது.

பாரிஸ் போகிறவர்களுக்கு: லிஃப்ட் இருந்தாலும் எத்தனை பேர் போகலாம் என்று கேளுங்கள், பழைய கட்டடங்களில் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடம் இராது. மெட்ரோவில் 14-ஆம் தடம் மட்டுமே சக்கர நாற்காலிக்கு முழுமையாக ஏற்றது. மற்றத் தடங்களில் படிகள் அதிகம். வயதானவர்கள் இருந்தால் பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய கால வாடகை வீடு என்றால் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா ஜன்னலோரம் இருந்ததைப் படித்துவிட்டு என் கணவரிடமும் காட்டினேன். டிசம்பரில் எங்கே போவது என்பதையே மாற்றிக்கொண்டோம். கோலாலம்பூர்தான். வீட்டுக்காரரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதினேன்: பாத்ரூம் எத்தனை, லிஃப்ட் வாசலிலிருந்து வீடு எத்தனை அடி, கார்டு எத்தனை தருவீர்கள், பதிமூன்று பேர் என்று தெரிந்தே வாடகை சொல்கிறீர்களா, காலை ஏழு மணிக்கு வந்தால் உள்ளே விடுவீர்களா. முதலில் கேட்ட இரண்டு வீட்டுக்காரர்களும் பாத்ரூம் கேள்வியைத் தாண்டிப் பதில் சொல்லவில்லை, விட்டுவிட்டோம். மூன்றாவது ஆள் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டு, குளியலறைகளைப் படம் எடுத்தும் அனுப்பினார். பாத்ரூம் மூன்று, கார்டு நாலு. முந்தைய இரவுக்குப் பாதி வாடகை கொடுத்தால் காலையிலேயே சாவி.

படங்களை மாமியாரிடம் காட்டினேன். அவர் படுக்கையறைகளைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு மேஜைப் படத்தைப் பெரிதாக்கி, நாற்காலிகளை விரல் வைத்து எண்ணினார். எட்டு இருந்தன. "மீதிப் பேர் கீழ உக்காந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து இரண்டு பாயை இறக்கச் சொன்னார். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாய் இரண்டும் துடைத்துப் பெட்டிப் பக்கத்தில் வைத்தாயிற்று.