காப்பி முடிந்தது என்கிறது, ஃபைலைக் காணோம்: அனுபவப் பகிர்வு

போன், லேப்டாப், வெளி ஹார்ட் டிஸ்க் என்று ஃபைல்களை மாற்றும்போது எங்கே இடறும், ஏன் இடறும், எப்படிச் சரியாகும் என்பதை மட்டும் இங்கே எழுதுவோம். ஆண்ட்ராய்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேபிள் போட்டு விண்டோஸில் இணைத்தால் போன் ஒரு டிரைவாகத் தெரியாது. நடுவில் எம்டிபி என்கிற நெறிமுறை உட்கார்ந்திருக்கிறது. கணினி ஒவ்வொரு ஃபைலையும் போனிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கும். கேமரா ஃபோல்டரில் எட்டாயிரம், பத்தாயிரம் படம் இருந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், பாதியில் போன் திரை பூட்டிக்கொண்டால் இணைப்பே அறுந்துபோகும். இன்னொரு தொல்லை தேதி. காப்பியான ஃபைல்களின் 'மாற்றிய தேதி' பல சமயம் காப்பி எடுத்த நாளாகிவிடும். கேமரா படத்துக்குள்ளேயே எடுத்த தேதி இருப்பதால் அது தப்பும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த உள்தகவல் இருக்காது. ஃபைல் பெயரில் இருக்கும் எட்டு இலக்கத் தேதிதான் மிச்சம், அதனால் அவற்றின் பெயரை மாற்றாதீர்கள்.

இதற்கு நல்ல வழி ஏடிபி, அதாவது கணினியில் கட்டளை தட்டிப் போனிலிருந்து ஃபைலை வாங்கும் கருவி. போனின் அமைப்புகளில் 'பில்டு நம்பர்' வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினியில் ஏடிபி அடங்கிய பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பை இறக்கிக்கொண்டு, 'ஏடிபி புல்' கட்டளையை '-ஏ' சேர்த்து ஓட்டுங்கள். அந்த '-ஏ'தான் பழைய தேதியைக் காப்பாற்றுவது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். கட்டளை என்றாலே அலர்ஜி என்பவர்கள் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து இழுக்கலாம். எந்த வழியானாலும் 'கட்' கூடாது. காப்பி எடுங்கள், இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், அதற்குப் பிறகு அழியுங்கள்.

*

ஐபோன்காரர்களுக்கு வேறு தலைவலி. விண்டோஸுக்குப் படங்களைக் காப்பி எடுக்கும்போது பாதியில் 'சாதனம் இயங்கவில்லை' என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், ஒன்றும் நடக்காது. ஐஓஎஸ் 11 வந்த 2017 முதல் புதிய ஐபோன்கள் படங்களை ஜேபெக்குக்குப் பதில் ஹெச்இஐசி என்ற பட வடிவில் சேமிக்கின்றன. 'ஆட்டோமேட்டிக்' அமைப்பில் இருந்தால், கணினி கேட்கும்போதெல்லாம் போன் அதை ஜேபெக்காக மாற்றி மாற்றி அனுப்பும். அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது. அமைப்புகளில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'மேக் அல்லது பிசிக்கு மாற்று' என்ற இடத்தில் 'அசலை வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் 'சேமிப்பிடத்தைச் சிக்கனமாக்கு' ஆனாகி இருந்தால், போனில் இடம் குறையும்போது அசல் படம் போனிலேயே இருக்காது, சின்ன உருவம்தான் இருக்கும். கேபிள் வழியாக வராத படங்களை நீங்கள் ஐகிளவுட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

*

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறுகிறது, கணினிக்குப் போன் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மலிவான சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. டைப் சி முனை என்றாலே வேகம் என்றும் இல்லை. ஐபோன் 15 டைப் சிதான், உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2. 15 ப்ரோவின் போர்ட் யுஎஸ்பி 3, ஆனால் பெட்டியில் வரும் கேபிள் யுஎஸ்பி 2! யுஎஸ்பி 2 என்றால் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், கைக்குக் கிடைப்பது 30 முதல் 40 எம்பி. நூறு ஜிபிக்கு 40 நிமிடத்துக்குக் குறையாது.

*

பென் டிரைவில் 60 ஜிபி காலி, 5 ஜிபி வீடியோ ஏறவில்லை என்ற கேள்வி அடிக்கடி வரும். டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற வடிவுக்கு மாற்றுங்கள், விண்டோஸ், மேக் இரண்டும் எழுதும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.4 பதிப்பு முதல் இதற்கான ஆதரவு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவு என்றால் மேக் படிக்க மட்டும்தான் செய்யும்.

எக்ஸ்ஃபேட்டில் இரண்டு குறை. ஒன்று, அதற்கு ஜர்னல் (பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஃபோல்டரே குழம்பலாம், 'எஜெக்ட்' கொடுக்காமல் எடுக்கக் கூடாது. இன்னொன்று, 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் வழக்கமாக 128 கேபி துண்டுகளாகப் பிரிக்கும். 2 கேபி ஃபைலும் ஒரு முழுத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லட்சம் குட்டி ஃபைல் போட்டால் 200 எம்பிக்குப் பதில் 12 ஜிபிக்கு மேல் போகும். 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டும் வேறு வேறு எண் காட்டுவது இதனால்தான். ஒப்பிடும்போது 'சைஸ்' எண்ணை மட்டும் பாருங்கள்.

*

காலி இடம் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். நம்பமுடியாத விலைக்கு வரும் 2 டிபி பென் டிரைவ்களில் உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்து எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். காப்பி முடிந்ததாகச் சொல்லும், ஃபைல் பெயர்களும் தெரியும். திறந்தால் வீடியோ ஓடாது. புதிய டிரைவ் எதையும் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற விண்டோஸ் சோதனை நிரல் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள். மேக், லினக்ஸ் என்றால் எஃப்3 என்ற நிரல். 64 ஜிபி டிரைவ் நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் எழுதவே 55 நிமிடம் ஆகும், படிக்கக் கூடுதல் நேரம். பொறுமை வேண்டும்.

*

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கென்றே இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது நீளம். விண்டோஸில் பெயருக்கு 255 குறியீடுகள் (எழுத்துக்கோ துணைக்குறிக்கோ யூனிகோட் தரும் எண்) வரை இடம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் 255 பைட். கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் குறியீடுகளைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதை மறக்க வேண்டாம். 'க்' என்பது இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆகமொத்தம் 85 குறியீட்டில் கதவு மூடிவிடும். பிடிஎஃப் கட்டுரைக்கு முழுத் தலைப்பையும் பெயராக வைத்தால் லேப்டாப்பில் நன்றாக இருக்கும், நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பான நாஸ் பெட்டிக்குப் போகாது. அந்த ஒரு ஃபைலைத் தாண்டிக் காப்பி தொடர்ந்துவிட்டால் யாரும் கவனிப்பதும் இல்லை.

இரண்டாவது இன்னும் நுட்பம். 'தொகுப்பு' என்ற பெயரில் வரும் 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'த' போட்டு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. 'த', ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் எல்லாப் பெயரையும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்த்தது வரும். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே லினக்ஸ் சர்வருக்கு பேக்கப் எடுத்தால் 'தொகுப்பு' என்ற ஃபோல்டர் இரண்டு நிற்கும். ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. எது நகல் என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இதே கதை, எகரம் ஐகாரத்தில் கிடையாது. மேக்கில் ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளையைப் பயன்படுத்துவோர் 3ஆம் பதிப்பை நிறுவி, 'ஐகான்வ்' விருப்பத்தில் 'யுடிஎஃப்-8-மேக்' இலிருந்து 'யுடிஎஃப்-8' என்று கொடுத்தால் வழியிலேயே சேர்ந்துவிடும். மேக்கோடு நெடுங்காலம் வந்த 2.6.9 பதிப்பில் அந்த விருப்பம் கிடையாது.

*

தலைப்புக்கு அப்படியே பொருந்துகிற ஒன்று, விண்டோஸோடு வரும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியில் இருக்கிறது. டி டிரைவின் வேரிலிருந்து (மேல்மட்டத்திலிருந்து) முழுவதையும் வெளி டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு எடுத்தால், காப்பி முடிந்தபின் அந்த ஃபோல்டரே கண்ணில் படாது. டிரைவின் வேருக்கு இருக்கும் 'மறைந்த', 'சிஸ்டம்' பண்புகள் அதற்கும் ஒட்டிக்கொள்வதால் இப்படி. கட்டளையில் '/ஏ-:எஸ்ஹெச்' சேர்த்தால் ஒட்டாது. முன்பே ஒட்டிவிட்டதை 'அட்ரிப்' கட்டளை கொண்டு நீக்கலாம்.

காப்பி நகராமல் நின்றால்: ஒரு ஃபைல் வேறு நிரலில் திறந்திருந்தால் ரோபோகாப்பி முப்பது நொடிக்கு ஒருமுறை, பத்து லட்சம் தடவை முயலும். அதுதான் இயல்பு அமைப்பு! '/ஆர்:2 /டபிள்யூ:5' என்று குறைத்துவிடுங்கள்.

'/எம்ஐஆர்' போடும்போது மட்டும் கை நடுங்க வேண்டும். மூலத்தில் இல்லாததை எல்லாம் இலக்கில் அழித்துவிடும். இரண்டையும் இடம் மாற்றித் தட்டினால் காலி டிஸ்க்கைப் பார்த்து அசலை அழிக்கும். முதலில் '/எல்' சேர்த்து ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது.

*

மேலே சொன்ன அதே ஆபத்துதான், போனையும் இணையச் சேமிப்பையும் ஒன்றுபோல வைத்திருக்கும் கிளவுட் சிங்க்கிலும். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், ஐகிளவுடில் 30 நாள். அதற்குள் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் சுருங்கும், வீடியோ 1080க்கு இறங்கும். அதன்பின் 'இடத்தைக் காலி செய்' அழுத்தினால் அசல் எங்குமே இல்லை. இதை பேக்கப் என்று சொல்ல மனம் வரவில்லை.

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் மேகச் சின்னம் போட்ட ஃபைல்களும் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான். நெட் இல்லாத நேரத்தில் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு எடுத்தால் பிழைதான் வரும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு' கொடுத்து, பச்சை டிக் வந்தபின் எடுங்கள்.

*

வாட்ஸ்அப்பைப் புதிய போனுக்கு மாற்றுவது பற்றி இதுவரை சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் அதன் ஃபோல்டர் 'ஆண்ட்ராய்டு', 'மீடியா' ஃபோல்டர்களுக்குள்ளே போய்விட்டது. ஆப்பை நீக்கும் முன் அந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாகக் கணினிக்கு எடுத்து வையுங்கள். புதிய போனில் எண்ணைச் சரிபார்ப்பதற்கு முன்பே அதே இடத்தில் வைத்துவிட்டால் 'மீட்கவா' என்று கேட்கும். சரிபார்த்து உள்ளே போனபின் வைத்தால் கேட்காது, ஆப்பை நீக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவி வைத்திருப்பவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக அல்ல.