இருமல் எழாமல் உணவு மூச்சுக்குழலில் இறங்குவதற்கு என்ன பெயர்?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

உணவு மூச்சுக்குழலில் இறங்கியும் இருமல் எழாத நிலையை ஆங்கிலத்தில் silent aspiration என்பார்கள். அதற்குச் சென்ற கிழமை நான் கேட்ட தமிழ்ச்சொல்லுக்கு நால்வர் பரிந்துரை அனுப்பியிருந்தீர்கள். மிக்க நன்றி. நான்கையும் திருகோணமலையில் என் சிகிச்சை அறைக்கு வரும் தாய்மாரிடம் சொல்லிப் பார்த்துவிட்டே இம்மடலை எழுதுகிறேன்.

பொருளை ஒருமுறை தெளிவாக்கிவிடுகிறேன். விழுங்கும்போது உணவோ நீரோ வழிமாறி, குரல்நாண்களையும் தாண்டி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுவதுண்டு. நலமான உடலில் அக்கணமே இருமல் எழுந்து அதை வெளியே தள்ளும். பெருமூளை வாதம் போன்ற நரம்புப் பாதிப்புள்ள பிள்ளைகள் சிலருக்குக் குரல்வளையின் உணர்ச்சி குன்றியிருப்பதால், பால் உள்ளே இறங்கினாலும் இருமல் எழுவதில்லை. பிள்ளை அமைதியாகக் குடித்து முடிக்கும். சில நாளில் காய்ச்சல் வரும். நெஞ்சில் சளி கட்டும். நிமோனியா என்று மருத்துவமனை விடுதியில் சேர்ப்பார்கள். வீடு திரும்பிச் சில மாதத்தில் அதுவே மறுபடி நிகழும். இந்த இருமலற்ற நிலைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

'ஓசையற்ற புரையேற்றம்' என்ற பரிந்துரையை முதலில் நானும் விரும்பினேன். புரையேறுதல் வீட்டுச் சொல். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சொல்லுக்குள்ளேயே இருமல் இருக்கிறது. மூன்றாம் தடவை நிமோனியா வந்து தேறிய மகனைக் கிண்ணியாவிலிருந்து தூக்கிவந்த ஒரு தாயிடம், சாப்பிடும்போது புரைக்கேறுவதுண்டா என்று கேட்டேன். "ஒருநாளும் இல்ல மிஸ், இவர் நல்லாக் குடிப்பார்" என்றார். அவர் சொன்னது உண்மை. என் கேள்விதான் பிழை. பால் குடித்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று மாற்றிக் கேட்டபோது, தண்ணீருக்குள் இருந்து சத்தம் வருவதுபோல் இருக்கும் என்று அவரே சொன்னார். அந்த ஈரக்குரல் நாங்கள் கவனிக்கும் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. இருமலையே அடையாளமாகக் கொண்ட ஒரு சொல்லின் முன்னால் 'ஓசையற்ற' என்று ஒட்டினால், கேட்பவர் மனத்தில் சத்தம் குறைந்த இருமல்தான் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. புரைக்கு 'ஏறுகிறது' என்கிறோம். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறோம். சொல் கையை மேலே கொண்டுபோகிறது, உணவோ கீழே நெஞ்சுக்குள் இறங்குகிறது. இந்த நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை. என் அம்மம்மாவும் எனக்கு அப்படித்தான் தட்டினார். கலைச்சொல்லுக்கு மட்டும் அது தவறான திசை என்கிறேன்.

'மௌன நுழைவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பார்க்கும் பிள்ளைகளுள் பலர் பேசாதவர்கள். அச்சொல்லைக் கேட்ட ஒரு தாய், மகள் இன்னும் கதைக்காததைப் பற்றித்தான் நான் சொல்கிறேன் என்று எண்ணிக் கண்கலங்கிவிட்டார். அதை அன்றே கைவிட்டேன். 'உறிஞ்சல்' குழந்தை பால் குடிக்கும் செயலுக்கு உரிய சொல் என்பதால் அதுவும் பொருந்தாது.

'வாதனாளிப் பிரவேசம்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழலுக்கு நம் பாடசாலை விஞ்ஞான நூல்கள் கற்பிக்கும் சொல் வாதனாளி. ஆகவே இலங்கை வாசகருக்கு அதுவே முறையானது என்ற வாதத்தை மதிக்கிறேன். ஆனால் பெருமூளை வாதம் என்று கேட்டு ஏற்கெனவே அஞ்சியிருக்கும் பெற்றோர், வாதனாளியிலும் 'வாதம்' என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். பரீட்சைத் தாளில் வாதனாளி இருக்கட்டும். கிளினிக் கொப்பியில் மூச்சுக்குழல் என்றே எழுதுவோம்.

என் முன்மொழிவு இதுதான். 1996 இல் ரோசன்பெக்கும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வெளியிட்ட, விழுங்கும் உணவு மூச்சுவழியில் எவ்வளவு தூரம் இறங்குகிறது, உடல் அதை வெளியேற்றுகிறதா என்று மதிப்பிடும் 8 படி அளவுகோலை எங்கள் துறை இன்றும் பயன்படுத்துகிறது. அதில் 2 முதல் 5 வரையான படிகள், பொருள் குரல்வளைக்குள் வந்தும் குரல்நாண்களுக்குக் கீழே போகாத நிலைகள். 6 முதல் 8 வரையானவை அதற்கும் கீழே இறங்கிய நிலைகள். 8 ஆம் படியில், இறங்கியதை வெளியேற்ற உடல் எந்த முயற்சியும் செய்வதில்லை. ஆகவே நமக்கு ஒரு தனிச்சொல் போதாது. ஒரே வேரில் நிற்கும் குடும்பம் வேண்டும். முதல் வகையைக் 'குரல்வளை நுழைவு' என்றும், இரண்டாவதை 'மூச்சுக்குழல் நுழைவு' என்றும், 8 ஆம் படியை 'இருமா நுழைவு' என்றும் வழங்கலாம்.

நுழைவு எப்படி இருமும் என்று இலக்கணம் வல்லோர் கேட்பீர்கள். உண்ணாநோன்பில் உண்ணாதிருப்பது நோன்பு அன்று, நோற்பவர். அவ்வழியிலேயே இதையும் கொள்ளலாம். இருமா என்பது பழைய கணக்கில் பத்தில் ஒன்றைக் குறிக்கும் பின்னம் என்பதும் நினைவில் இருக்கிறது. மா, காணி என்று எண்ணுவோர் இன்று அரிது என்பதால் அந்த மயக்கம் நேராது என்றே நம்புகிறேன். 'உணரா நுழைவு' காரணத்தை இன்னும் சரியாகச் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் இரண்டுக்கும் இடையில் தடுமாறினேன். ஆனால் உணர்ச்சி குன்றியிருப்பதைத் தாய் காண முடியாது. இருமல் வராததை அவர் காண்கிறார். அதையே நலம் என்று நம்பியிருக்கிறார். 'இருமா' என்ற முதற்சொல் அந்த நம்பிக்கையைத் தொட்டு எழுப்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.

பயன்பாட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. படுக்கையருகே கண்ணாலும் காதாலும் பார்த்து இந்நிலையை உறுதிசெய்ய முடியாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்-கதிரில் ஓடும் படமாகப் பார்க்க வேண்டும், அல்லது மூக்கின் வழியே உள்நோக்கியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். ஆகவே குறிப்பேட்டில் 'இருமா நுழைவு ஐயம்' என்றுதான் நாங்கள் எழுத முடியும்.

ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இத்துறையை ஆங்கில வழியில் கற்றுவிட்டு ஊருக்குத் திரும்பிய நாளில், ஒரு தாய்க்கு ஐந்து நிமிடம் தமிழில் விளக்க முடியாமல் நின்றேன். இயன்மருத்துவம் (பிசியோதெரபி) என்ற சொல் இங்கே வேரூன்றிவிட்டது; அத்துறையினர் பெயர்ப்பலகையில் எழுதுகிறார்கள், நோயாளரும் சொல்கிறார்கள். பேச்சு, மொழி, விழுங்கல் சிகிச்சைக்கும் அந்த நிலை வர வேண்டும் என்பதே இக்குழுமத்தை நான் நாடியதன் காரணம்.

தாய்மாருக்கான ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் புரையேறுதலுக்கு வேறு வழக்கு இருப்பதை அறிந்தவர்கள் தெரிவியுங்கள்; அதையும் சேர்த்துக்கொள்கிறேன். இருமா நுழைவுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்,
பேச்சு மொழிச் சிகிச்சையாளர்,
திருகோணமலை